பழங்காசு வணிகமும் கள்ளாமை அறமும்

பழங்காசு விற்பவர் ஒருவர், திருட்டுப் பொருளைக் கைமாற்றியதற்காகவோ, போலிக் காசுகளை மெய்யென்று விற்றதற்காகவோ, தொல்பொருளை நாடு கடத்தியதற்காகவோ முன்பு நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர் என்பது தெரிந்த பின்னும் அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி, முதல் நோக்கில் வாங்குபவரின் முன்னெச்சரிக்கையைப் பற்றியதாகவே தோன்றும். ஆனால் அதற்குள் ஒன்றோடொன்று எளிதில் பொருந்தாத இரண்டு கோரிக்கைகள் அடங்கியுள்ளன. தண்டனையை அனுபவித்து முடித்த மனிதர் தம் தொழிலுக்குத் திரும்பி, பிறரைப் போல நம்பப்பட்டு வாழ விரும்புவது ஒன்று. அவர் கைவழியே போன பொருள்களுக்கு உரியவர்களும், அப்பொருள்களின் வழியே தம் முன்னோரை அறிந்துகொள்ள உரிமையுள்ள ஊராரும், இழந்தது இன்னும் ஈடுசெய்யப்படவில்லை என்று நிற்பது மற்றொன்று. சிறைவாசம் முதல் கோரிக்கைக்கு வழி திறக்கிறது. இரண்டாவதை அது தொடுவதே இல்லை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான், அத்தகையவரின் நிழலிலும் ஒதுங்கக் கூடாது என்பாரும், தண்டனையோடு கணக்குத் தீர்ந்தது என்பாரும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு எட்டாமலேயே வாதிட்டுக் கொண்டிருக்கின்றனர்.

இக்கேள்வியைத் தருமபுரி மாவட்டத்து மண்ணில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. சங்க காலத்தில் தகடூர் என்று அறியப்பட்டு அதியமான்களின் தலைநகராக இருந்த இவ்வூர், பின்னர் கங்கர், நுளம்பர், சோழர், போசளர், விசயநகரத்தார் ஆட்சிகளைக் கண்டு, மைசூர் அரசின் கீழிருந்த பாராமகால் என்னும் நிலப்பகுதியில் அடங்கி, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயக் கும்பினியின் கைக்கு மாறியது. இத்தனை அரசுகளின் காசுகள் புழங்கிய நிலத்தில், ஏரியைத் தூர்வாரும்போதும் வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதும் அவை வெளிப்படுவதில் வியப்பில்லை. மழைக்குப் பின் உழுத காட்டில் தென்படும் திப்புவின் செப்புக் காசு, ஒரு பக்கம் யானையும் மறுபக்கம் அக்கசாலையின் பெயரைக் கூறும் பாரசீக எழுத்தும் கொண்டு, பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்கும். கண்டிராய் பணம் என்னும் மைசூர்ப் பொற்காசோ அரை கிராம் எடைகூட இல்லாத சிறு துணுக்கு; மண்ணோடு மண்ணாகக் கிடந்தால் பழகிய கண்ணுக்கு மட்டுமே அகப்படும். இவ்வாறு அகப்படுவதைக் கண்டெடுத்தவர் முதலில் கொண்டுபோவது பெரும்பாலும் நகைக்கடைக்கோ பழைய பாத்திரக் கடைக்கோதான். அங்கிருந்து அது பழங்காசு வியாபாரியின் கைக்குப் போகிறது, அல்லது உருக்கப்படுகிறது.

சட்டம் காட்டும் வழி வேறு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாகக் கண்டெடுக்கப்படும் எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், நூறாண்டுகளுக்குக் குறையாத பழைமையுடைய காசைத் தொல்பொருள் என்று வரையறுத்து, அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுத்து, உள்நாட்டில் அதை வணிகமாகச் செய்பவர் உரிமம் பெற வேண்டும் என்கிறது. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ அதை நேர்மையின்றி வாங்குபவரை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவு தண்டித்தது; 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு தண்டிக்கிறது. இவற்றுள் ‘நம்பக் காரணம் இருந்தோ’ என்னும் தொடர் கருதத்தக்கது: கேட்காமல் இருந்துவிட்டால் அறியாதவர் ஆகிவிடலாம் என்ற கணக்கைச் சட்டமே ஏற்கவில்லை.

சட்டம் எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதை வணிகரின் அறமாக வகுத்த சமண மரபு தகடூரில் வேரூன்றியிருந்தது. ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி துறவியர்க்குக் குகைப் பள்ளி ஈந்த செய்தியைத் தருகிறது. அவ்வள்ளலைப் பாட்டில் அறிந்திருந்த தமிழர்க்கு அவன் பெயரைக் கல்லிலேயே காட்டியது அக்கண்டுபிடிப்பு. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், நுளம்ப மன்னன் மகேந்திரனின் காலத்தில், வணிகர் ஒருவரின் மக்களான நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் உடன்பிறந்தார் இருவர் தகடூரில் சமணக் கோயில் எடுப்பித்தனர் என்பதைத் தருமபுரியில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அதியமான் மரபினனான விடுகாதழகிய பெருமாள், போளூரை அடுத்த திருமலையில் தன் முன்னோன் நிறுவிய இயக்கர், இயக்கியர் உருவங்களைப் புதுப்பித்தான். ஆக, கொங்கும் தொண்டை நாடும் கன்னட நாடும் கூடும் இவ்விடத்தில் வணிகரும் ஆள்வோரும் கேட்டுப் பழகிய அறவுரைகளில் சமண இல்லறத்தாருக்குரிய அணுவிரதங்கள், அதாவது துறவிக்குரிய பெருநோன்புகளின் சுருங்கிய வடிவங்கள், இடம்பெற்றிருந்தன என்று கொள்வது மிகையாகாது.

அவ்விரதங்களுள் ஒன்றான கள்ளாமைக்கு உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. சமந்தபத்திரரின் இரத்தின கரண்டக நூலும், அதைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார் விரதங்களையும் அவற்றின் பிழைகளையும் இவ்வழியிலேயே விளக்குகின்றன. அதிசாரம் என்பது விரதம் முற்றாக உடைந்துபோகாமல் மாசுபட்டுப்போகும் நிலை. திருடுவோரைத் தூண்டுதல், திருடிக் கொணர்ந்ததை வாங்குதல், அரசின் கட்டளைக்கு மாறாகப் பண்டம் கடத்துதல், நிறையிலும் அளவையிலும் கூட்டிக் குறைத்தல், போலியை மெய்ப்பொருளோடு சேர்த்து விற்றல் என்பன அவ்வைந்து. இன்றைய பழங்காசு வணிகத்தின் மேல் சுமத்தப்படும் குற்றங்களை ஒருவர் வரிசைப்படுத்த முனைந்தால் இப்பட்டியலுக்கு வெளியே ஒன்றும் மிஞ்சாது. கோயில் உண்டியலையோ புதைமேட்டையோ குறிவைக்கத் தூண்டும் முன்பணம், அவ்வாறு வந்த சரக்கை வாங்குதல், விமானத்தில் ஒளித்து அனுப்புதல், தங்கத்தின் மாற்றை மறைத்தல், அச்சில் வார்த்த போலியை மெய்க் காசுகளின் தட்டில் கலந்துவைத்தல் ஆகிய ஐந்தும் அதே ஐந்துதான்.

இந்தப் பட்டியலில் வாங்குபவர் இரண்டாம் இடத்திலேயே நிறுத்தப்பட்டிருக்கிறார் என்பதே இங்கு முதன்மையானது. ‘திருடியது நானில்லை, நான் வணிகம்தானே செய்கிறேன்’ என்று அவர் தம்மளவில் எண்ணிக்கொள்வதால்தான் அச்செயல் விரதத்தின் முழு முறிவாகாமல் மாசு என்ற அளவில் வைக்கப்பட்டது என்று சமண ஆசிரியர்கள் விளக்குவதுண்டு. அந்த எண்ணம் அவரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை. குற்றத்தின் வகையை மட்டுமே குறிக்கிறது. அப்படியானால், விற்பவரின் குற்றப் பதிவைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வாங்குநர் தம் பொறுப்பைத் தவறான இடத்தில் இறக்கி வைக்கிறார் என்றாகிறது. பொருள் எங்கிருந்து வந்தது என்ற வினா எல்லா விற்பனையாளரிடமும் ஒரே அளவில் எழ வேண்டிய வினா. பதிவு இல்லாதவரிடம் அதைக் கேளாமல் விடுவதும், பதிவு உள்ளவரிடம் அதைக் கேளாமலேயே விலகுவதும் அந்த வினாவைத் தவிர்க்கும் இரு வழிகளே.

தூய பதிவு எதற்கும் சான்றாகாது என்பதைத் தமிழ் மரபு அறிந்தே இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குச் சிலம்பு விற்க வந்த கோவலன் ஊருக்குப் புதியவன், அவனுக்காகப் பேச ஆளில்லை; அரண்மனையில் மதிப்புப் பெற்ற பொற்கொல்லனோ அரசியின் சிலம்பைத் தானே களவாடி வைத்திருந்தவன். மன்னன் ஆளைப் பார்த்தான், சிலம்பை உடைத்துப் பார்க்கவில்லை. நம் காலத்தில் சுபாஷ் கபூரின் செய்தியும் இதுவே. நியூயார்க்கில் கலைப்பொருள் கூடம் நடத்தி, பெரும் அருங்காட்சியகங்களுக்குப் பொருள் விற்றும் நன்கொடை அளித்தும் பெயர் பெற்றிருந்த அவரிடமிருந்து, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராசர் செப்புத் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியபோது, அவர் மேல் எந்தத் தண்டனையும் இருக்கவில்லை. சிலை பல்லாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போனது என்று காட்டும் பொய் ஆவணங்கள் மட்டும் இருந்தன. அவர் 2011இல் செருமனியில் கைதாகி, 2012இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றத்தால் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்; நடராசர் 2014இல் நாடு திரும்பினார். கலைக்கூடத்தார் கபூரின் பெயரை நம்பிய அளவுக்குத் திருமேனியின் வரலாற்றைத் துருவியிருந்தால் அந்த விற்பனை நடந்திராது.

பதிவு இல்லாமை சான்றாகாதது போலவே, பதிவு இருப்பதும் தன்னளவில் சான்றாகிவிடாது. இதைத் தருமபுரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரித்தானிய ஆட்சி 1871இல் இயற்றிப் பின்னர் சென்னை மாகாணத்துக்கும் விரித்த குற்றப் பரம்பரைச் சட்டம், சேலம் வட்டாரத்துக் குறவர் உட்படப் பல சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவேட்டில் ஏற்றியது. விடுதலையை ஒட்டியே அது நீக்கப்பட்டது. அதன் பின்னும் அரூர் வட்டத்து வாச்சாத்தியில், 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறையினரும் காவலரும் வருவாய்த்துறையினரும் மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்து, வீடுகளைச் சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கி, பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோரைக் கடத்தல்காரர்கள் என்று சிறையில் அடைத்தனர். நடுவண் புலனாய்வுத் துறை குற்றஞ்சாட்டிய அலுவலர்கள் 269 பேரில் இறந்துபோன 54 பேர் நீங்கலாக 215 பேரையும் தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29இல் தண்டித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் அதை உறுதிசெய்தது. அந்த இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளில் அம்மக்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டில் எந்தத் தலைப்பின் கீழ் இருந்தன என்பதை எண்ணிப் பார்ப்பவர் எவரும், குற்றப் பதிவு என்ற சொல்லைக் கேட்டவுடன் தலையாட்டிவிட மாட்டார். இம்மாவட்டத்தின் நடுகற்களில், பகைவரின் ஆநிரையைக் கவரும்போது பட்டவனுக்கும் கல் உண்டு, கவரப்பட்ட நிரையை மீட்கும்போது பட்டவனுக்கும் கல் உண்டு. செயலுக்குப் பெயரிடுவது பெரும்பாலும் கல் நடுவோரே.

ஆகவே, தண்டனையின் பெயரை விட அதன் உள்ளடக்கம் பார்க்கப்பட வேண்டும். குடும்பத் தகராற்றிலோ, மது விற்றதிலோ, போராட்டத்திலோ சிறை சென்ற ஒருவர் காசு விற்பதற்கும் அந்தப் பதிவுக்கும் தொடர்பில்லை. அதைக் காட்டி அவரை ஒதுக்குவது அநீதி. வழக்கு நிலுவையில் உள்ளவர் தண்டிக்கப்பட்டவர் அல்லர். ஆனால் போலிக் காசு விற்றதற்கும், களவுப் பொருளை வாங்கியதற்கும், தொல்பொருள் கடத்தியதற்கும் முறையாக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவரின் நிலை வேறு. அவரது குற்றம் அவர் தொழிலின் உள்ளேயே நிகழ்ந்தது. அவரிடம் வாங்குபவர் அதே கடையில், அதே வகைச் சரக்கை, அதே பேச்சை நம்பி வாங்குகிறார்.

இவ்விடத்தில் பௌத்த மரபின் ஒரு நிகழ்வு உதவுகிறது. வழிப்பறியும் கொலையும் செய்து திரிந்த அங்குலிமாலரைப் புத்தர் துறவியாக ஏற்றார். அவர் அரகந்தர் நிலையையும் எய்தினார் என்று பாலி நூல்கள் கூறுகின்றன. ஆனால் துறவாடையில் அவரைக் கண்ட மக்கள் அஞ்சி ஓடியும் முறையிட்டும் நின்றபோது, பேர்பெற்ற கொள்ளையரை இனிச் சங்கத்தில் சேர்க்கக் கூடாது என்ற விதியையும் அதே புத்தர் வகுத்ததாக விநயநூலின் மகாவக்கம் கூறுகிறது. இதை முரண்பாடு என்று கொள்வது எளிது. கூர்ந்து பார்த்தால் அது இரு வேறு தளங்களைப் பிரித்த தெளிவு. ஒரு மனிதரின் மனமாற்றத்தைக் கண்ணெதிரே காண்பவர் அதை ஏற்கலாம், ஏற்கவும் வேண்டும். ஊரின் நம்பிக்கையில் நிற்கும் அமைப்பு ஒன்றோ, காணாத மனமாற்றங்களை முன்கூட்டியே ஏற்றுக்கொள்வதாக அறிவிக்க முடியாது. 1972ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய இந்த நடுவழியையே தேர்ந்தது: தொல்பொருள் ஏற்றுமதித் தடைக்கென முன்பிருந்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தண்டிக்கப்பட்டவருக்கு, தண்டனை நாளிலிருந்து பத்தாண்டுகள் கழியாமல் வணிக உரிமம் வழங்கலாகாது என்றது. என்றைக்கும் இல்லை என்று அது சொல்லவில்லை; இன்றே வா என்றும் சொல்லவில்லை.

காலம் கழிவது மட்டும் ஒருவரைத் தூய்மையாக்குமா என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை. சமணரின் பிராயச்சித்த முறையில் உண்டு. தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஒன்பது வகைப் பிராயச்சித்தங்களுள் முதலாவது ஆலோசனை: இன்றைய வழக்கில் யோசனை கேட்பதைக் குறிக்கும் இச்சொல், அங்கே செய்த பிழையை ஒன்றும் ஒளிக்காமல் குருவின் முன் எடுத்துரைப்பதைக் குறிக்கிறது. நான்காவது விவேகம்: தகாத வழியில் வந்த பொருளைப் பிரித்தெடுத்து விட்டுவிடுதல். ஏழாவது சேதம்: துறவியின் மூப்பு வரிசையில் சில காலத்தை வெட்டிக் கழித்து, அவரினும் இளையோருக்குப் பின்னே நிற்கவைத்தல். சிறை என்னும் தண்டனையில் இம்மூன்றில் எதுவுமே கட்டாயமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் வாய்திறவாமல், ஒரு பொருளையும் விட்டுக்கொடுக்காமல், தண்டனைக் காலம் முடிந்த மறுநாளே பழைய நாற்காலியில் அமர்ந்துவிட முடியும். லூக்கா நற்செய்தியில் வரித்தண்டுவோனாகிய சக்கேயு, தான் அநியாயமாய் வாங்கியதை நான்மடங்காகத் திருப்புவதாகச் சொல்லும்போதுதான் அவன் வீட்டுக்கு மீட்பு அறிவிக்கப்படுகிறது. பறித்த பொருளை உரியவரிடம் சேர்ப்பிக்காமல் தௌபா என்னும் பாவமீட்சி நிறைவுபெறாது என்பது இசுலாமிய அறிஞர்களின் தெளிவான முடிபு. தம்முள் எவ்வளவோ வேறுபடும் இம்மரபுகள் இந்த ஓரிடத்தில் கூடுவது தற்செயலாக இருக்க முடியாது.

ஆனால் காசு விஷயத்தில் திருப்பித் தருதல் என்பது மற்றப் பொருள்களில் போல் எளிதன்று. களவுபோன நடராசருக்குத் திரும்பிச் செல்ல ஊர் இருக்கிறது, பீடம் இருக்கிறது, பழைய நிழற்படம் இருக்கிறது. பென்னாகரத்துக் காட்டில் கிடைத்த நூறு காசுகளை நான்கு பேர் பங்கிட்டு, வியாபாரி எலுமிச்சையும் புளியும் இட்டுத் தேய்த்து மினுக்கிச் சந்தையில் விட்டுவிட்டால், அவை எங்கு, எந்தக் கலயத்தில், எந்தக் காசோடு எந்தக் காசு சேர்ந்து கிடந்தன என்பது அந்தத் தேய்ப்பிலேயே போய்விடுகிறது. ஒரு புதையலில் யாருடைய காசு யாருடைய காசோடு இருந்தது என்பதை வைத்துத்தான் வரலாற்றாய்வாளர் அது புதைக்கப்பட்ட காலத்தையும் வணிகத் தொடர்பையும் கணிக்கிறார். தனிக் காசு ஒன்று மன்னன் பெயரைத் தரலாம், அந்த உறவைத் தராது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து வந்த மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்பொறை முதலிய சேரர் பெயர் பொறித்த காசுகள் சங்க காலத்தைப் பற்றிய அறிவையே மாற்றியவை. அகழாய்வில் அடுக்கறிந்து எடுக்கப்படாமல் சேகரிப்போர் கைவழியே வந்ததால், அவற்றின் காலம் பற்றிய வாதங்கள் எழுத்தமைதியையே பெரிதும் நம்பி நடக்க வேண்டியதாயிற்று. ஆகவே பழங்காசு வணிகத்தில் களவாடப்படுவது உலோகம் மட்டுமன்று, காசு கிடந்த இடம் பற்றிய செய்தியும்தான். அச்செய்தியைத் திருப்பித் தர இன்னும் முடியும் என்றால், அது முடிவது அதை அறிந்த ஒருவரால் மட்டுமே. அவர் அந்த வியாபாரி.

இதிலிருந்து இக்கட்டுரையின் முடிபு பிறக்கிறது. தொழிலுக்குள் குற்றம் செய்து தண்டனை பெற்ற காசு வணிகரிடம் வாங்கலாமா என்பதற்கு விடை, அவர் சிறையிலிருந்து வந்து எத்தனை ஆண்டாயிற்று என்பதில் இல்லை. அவர் வாய்திறந்தாரா என்பதில் இருக்கிறது. எந்த ஊரில், எவரிடம், எத்தனை காசுகளோடு சேர்த்து வாங்கினார், மீதி எங்கே போயிற்று என்பதைத் தொல்லியல் துறையிடமோ ஆய்வாளரிடமோ அவர் சொல்லியிருந்தால், அவர் ஆலோசனையைச் செய்தவர். அவரோடு வணிகம் செய்வது அவரைச் சொல்லத் தூண்டும், சொன்னதற்கு மதிப்பளிக்கும். சொல்லாதவரிடம் ஒரு காசு வாங்குவதும் அந்த மௌனத்துக்கே விலை கொடுப்பதாகும்.

2012இல் நியூயார்க்கில் ஒரு நீதிமன்றம் இதே திசையில் ஓரடி வைத்தது. கை அறுவைச் சிகிச்சை மருத்துவரும் பெயர்பெற்ற காசு சேகரிப்பாளருமான ஆர்னால்ட் பீட்டர் வைஸ், சிசிலித் தீவில் அண்மையில் தோண்டியெடுக்கப்பட்டவை என்று தாம் நம்பிய பண்டைய கிரேக்கக் காசுகளை விற்க முயன்றதற்காக ஒரு காசுக் கண்காட்சியின்போது கைதாகிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். காசுகளை இழந்ததோடும் 70 மணி நேரச் சமூகப் பணியோடும் தண்டனை நிற்கவில்லை. வரலாறு தெரியாத காசுகளை வாங்கி விற்பதன் கேட்டைப் பற்றிக் காசியல் இதழில் கட்டுரை எழுத வேண்டும் என்றும் அவருக்கு விதிக்கப்பட்டது, அவரும் எழுதினார். பெருமதிப்புள்ளவை என்று அவர் கொண்டுவந்தவற்றுள் மூன்று, நுண்ணோக்கிச் சோதனையில் இக்காலப் போலிகளாக வெளிப்பட்டன என்பது இன்னொரு செய்தி: மண்ணின் வரலாற்றைக் கேளாமல் விடும் பழக்கம், களவுக்கும் போலிக்கும் ஒரே கதவைத் திறந்துவைக்கிறது. அதே கதவின் வழியாகத்தான் நம் ஊர்களில் இராமர் பட்டாபிசேகமும் அனுமனும் பொறித்து 1818 என்று ஆண்டிட்ட கும்பினிக் காசுகள் இலட்சக்கணக்கில் விலை பேசப்படுகின்றன. கும்பினி அத்தகைய காசு எதையும் வெளியிட்டதில்லை.

இந்த முடிபுக்கு எதிரே வைக்கப்படும் வாதங்களுள் மிக வலிமையானது உருக்குச் சட்டி பற்றியது. பழங்காசு வியாபாரி வாங்காவிட்டால் தங்கமும் வெள்ளியும் நகைக்கடையில் எடைக்குப் போய்க் கரைந்துவிடும். கரூர்க் காசுகளைச் சேகரித்து, படித்து, நூலாக வெளியிட்ட தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றோர் அவை வந்த வழியைக் காரணம் காட்டி விலகியிருந்தால் மாக்கோதையின் பெயரை இன்று யாரும் காசில் கண்டிருக்க மாட்டார்கள். இவ்வாதத்தைத் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. ஆனால் அது எதை நிலைநாட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த அறிஞர்கள் காசை வாங்கியதோடு நில்லாமல் அது கிடைத்த இடத்தைக் கேட்டறிந்து அச்சிட்டார்கள். காசு பொதுவறிவின் பகுதியாயிற்று. வாங்கிப் பூட்டிவைத்து, கேட்டால் ‘பழைய சேகரிப்பு’ என்று மட்டும் சொல்பவர் உருக்குச் சட்டியைக் காட்டித் தம்மை நியாயப்படுத்த இயலாது. உலோகம் பிழைத்தது, செய்தி அவர் கையிலும் உருகிவிட்டது. திருவள்ளுவர் கள்ளாமையைத் துறவறவியலில் வைத்தாலும், பிறர் பொருளின் மேல் ஆசை வைக்காத வெஃகாமையை இல்லறவியலில் வைத்தார் என்பது இங்கு நினைவுக்கு வருகிறது. சேகரிப்பாளர் பெரும்பாலும் திருடுவதில்லை. இந்தக் காசு கைநழுவிவிடுமோ என்று அவர் நெஞ்சு அடித்துக்கொள்ளும் அந்த நேரத்தில், கேட்க வேண்டிய கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

நடைமுறையில் இதற்குப் பெரிய ஏற்பாடுகள் வேண்டியதில்லை. தண்டனை பெற்றுத் திரும்பிய வணிகரிடம் வாங்குபவர், காசு கிடைத்த ஊர், கைமாறிய நாள், விற்றவர் பெயர் ஆகியவை எழுதிய பில்லைக் கேட்கலாம், உரிமத்தைப் பார்க்கலாம், காசைக் கழுவாமல் கொண்டுவரச் சொல்லலாம், அரிய காசாயின் தருமபுரியிலுள்ள தொல்லியல் துறை அகழ்வைப்பகத்துக்கோ கல்லூரி வரலாற்றுத் துறைக்கோ நிழற்படம் அனுப்ப ஒப்புதல் பெற்ற பின்பே பணம் தரலாம். அவருக்கு இது பிறரினும் கூடுதலான சுமை என்பது உண்மையே. சேதம் என்னும் பிராயச்சித்தம் கேட்பதும் அதைத்தான், மூப்பு வரிசையில் சிறிது பின்னே நிற்பதை. அந்தச் சுமையை அவர் ஏற்றுச் சில ஆண்டுகள் தொழில் செய்தால், அவரைப் புதியவரினும் நம்பத்தக்கவர் என்று கருதுவதில் தவறில்லை; எந்தப் போலி எப்படி வரும் என்பதும் எந்தக் கை எங்கே திருடும் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

கண்டெடுத்தவரின் பக்கமும் ஒன்று உண்டு. சட்டம் அவரை ஆட்சியரிடம் போகச் சொல்கிறது. ஆனால் வாச்சாத்தியின் நினைவு அழியாத மலையூர்களில், பொற்காசு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகப் படியேறும் ஒருவர், ‘மீதி எங்கே’ என்ற அதட்டலையே எதிர்பார்ப்பார். அரசு தன் தேவைக்காகப் புதையலை எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துத் தர வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே கூறுவது அவரை எட்டியிருக்காது. அந்த அச்சத்தின் மேல்தான் களவுவணிகர் பிழைக்கிறார். அலுவலர்கள் இந்த அச்சத்தைப் போக்காத வரை, வணிகரை மட்டும் நல்லவராகும்படி கேட்பது பாதி நீதியே.

கடைசியாக, ஏற்கெனவே வாங்கிவிட்ட காசைப் பற்றிய வினா எஞ்சுகிறது. நல்ல நம்பிக்கையோடு முழு விலை கொடுத்து வாங்கிய ஒருவர், பல ஆண்டுகள் கழித்து, விற்றவர் தண்டிக்கப்பட்ட செய்தியைப் படித்துவிட்டுத் தம் தட்டிலுள்ள காசுகளைப் பார்க்க நேரிடும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வந்துவிடுவதில்லை. ஆகவே களவுப் பொருளாயின் அது அவருடையதன்று. அறத்தின் பக்கம் விடை இன்னும் சுருக்கமானது: விவேகம் என்று சமணர் சொன்னது இதையே. எந்த நாளில், யாரிடம், என்ன விலைக்கு, எந்த ஊர்க் காசென்று சொல்லி வாங்கினார் என்பதை எழுதி, காசுகளோடு தொல்லியல் துறையிடம் அவர் ஒப்படைக்க வேண்டும். கொடுத்த பணம் திரும்பி வராது, அந்த நட்டம் அவரையே சேரும்.